காணி வாங்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை ஒரு இளம் சோடி எங்கள் கந்தோருக்கு வந்தது. கையில் லமினேட் பண்ணிய காணி உறுதியின் போட்டோகொப்பி. திருகோணமலை உப்புவெளியில் 12 பேர்ச் காணி, முற்பணம் 5 இலட்சம் கொடுத்தாயிற்று. "இனி உறுதி முடிக்கிறது மட்டும்தானே, அண்ணை?" என்றார் கணவர். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கிளாக்கராக இருக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒரு காலத்தில் இதே மாதிரிப் போட்டோகொப்பியோடு நின்றவன்தான்.

பெயர்ப் பிழை, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நொத்தாரிசு பார்த்துக்கொள்வார். அவர் பார்க்காதவற்றைச் சொல்கிறேன்.

செலவை மறப்பது

முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சம் பெறுமதியான காணிக்கு 199,000 ரூபா. வழக்கத்தில் அது வாங்குகிறவர் தலையில்தான். நொத்தாரிசு கட்டணமும் நில அளவையாளர் கூலியும் வேறு. விலையைக் குறைத்து எழுதி மிச்சம் பிடிக்கலாம் என்று தரகர் சொல்லுவார். வரி சந்தைப் பெறுமதிக்குத்தான். குறைந்த காசைக் கேட்டுப் பிறகு கடிதம் வரும். தரகர் அப்போது இருக்கமாட்டார்.

கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். 2011இல் நிலாவெளிப் பக்கம் 10 பேர்ச் வாங்கினேன். நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, சட்டப்படிதான் உறுதி முடித்தோம். "பதிவு தானாக நடக்கும், போயிட்டு வாங்க" என்றார். நானும் அன்றைக்கே பாற்சோறு பொங்கினேன்.

ஏழு கிழமை கழித்துக் காணிப் பதிவகத்துக்குப் போய் ஏட்டைப் புரட்டினால் என் பெயருக்கு மேலே இன்னொரு பெயர். விற்றவர் எனக்கு எழுதிப் பத்து நாளில் அதே காணியை வேறொருவருக்கும் எழுதியிருக்கிறார். அந்த ஆள் மூன்றாம் நாளே பதிந்துவிட்டார். என்னுடைய உறுதி அதுவரை நொத்தாரிசின் மேசை லாச்சியில் கிடந்தது.

நொத்தாரிசு தன் இரட்டைப் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும் என்பது சட்டம். 3ஆம் திகதி கையெழுத்து வைத்தால் ஆறு கிழமை வெறுமையாகப் போகலாம். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டமோ, காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் பக்கம். மோசடி, கூட்டுச் சதி என்று நிரூபித்தால்தான் தப்பலாம். முதலில் பதிந்த அந்த மனிதருக்கு என்னைத் தெரியவே தெரியாது. விற்றவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

ஆகவே மூலப் பிரதியை அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாள் காலையிலேயே, பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். அந்தக் காணியின் சரியான ஏட்டில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ஏட்டில் விழுந்தால் பதிந்தும் பலனில்லை. அப்புறம், காசு கைமாறும் நாள் காலையில் ஏட்டை இன்னொரு தரம் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்திய எக்ஸ்ட்ராக்ட் (ஏட்டின் பிரதி), ஆறு மாதத்துக்கு முந்திய கதையைத்தான் சொல்லும்.

பெர்மிட் காணி

அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியின் விற்பனை, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாவிட்டால் செல்லாது. அவ்வளவுதான்.

கனடாப் பிள்ளையின் பெயரில் எழுதுவது

இலங்கைக் குடியுரிமையை விட்டவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அவர் பெயரில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. முதலில் கடவுச்சீட்டைக் கேளுங்கள்.

அற்றோணி

அற்றோணி என்பது உரிமையாளருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம். தந்தவர் இறந்த அன்றே அதுவும் முடிந்தது.

அந்தச் சோடியை அன்றைக்கே பதிவகத்துக்கு அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்து துண்டுக் கடதாசியை மேசையில் வைத்தார்கள். விற்கிறவர் பெயரில் மீட்கப்படாத ஈடு (அடமானம்) ஒன்று ஏட்டில் இருந்தது. முற்பணம் திரும்பக் கிடைத்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.