புதிய தொண்டு நிறுவனத் தலைவருக்குத் துணை நிற்பது எப்படி?

2004 ஆழிப்பேரலைக்கும் 2011 தானே புயலுக்கும் பின் கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் களப்பணியாற்றிய மூத்த தலைவர்கள், இன்று பொறுப்பேற்கும் இளையவர்களுக்கு வழிகாட்ட முன்வரும்போது, முதல் சந்திப்பில் அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஆறு மாதம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். பேசியது வெளியே, குறிப்பாக நன்கொடையாளர் காதுக்கு, எட்டாது என்பதையும் அப்போதே உறுதிகூறுங்கள்.

இரண்டாம் சந்திப்பைப் புதிய தலைவருடைய அலுவலகத்திலேயே, தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துங்கள். பணியாளர்கள் நிலைப்பதில்லை என்று அவர் வருந்தினால், ‘ஊதியத்தை உயர்த்துங்கள்’ என்று உடனே சொல்லிவிடாமல், ‘கடைசியாக விலகியவருக்கு அந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போனது?’ என்று கேளுங்கள். பதிவேட்டைப் புரட்டும்போதே பல வேளைகளில் விடை அவருக்குத் தெரிந்துவிடும்.

சட்ட விவகாரத்தில் மட்டும் கேள்வியோடு நிற்காமல் நேரடியாகவே சொல்லிவிட வேண்டும். கடலூர்ச் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும், புதுச்சேரிச் சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டின் சட்டமும் பொருந்துவதால், எல்லைக்கு அப்பால் உள்ளவருக்குத் தம் அனுபவத்தை அப்படியே ஒப்பிக்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை பெறுபவரானால், அந்த நன்கொடையிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்ததை நினைவூட்டுங்கள். பழைய கணக்கில் ஊறிய மூத்தவர்களே இதில் தடுமாறுவதுண்டு.

அவருடைய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மட்டும் போய் உட்கார வேண்டாம். உறுப்பினர்களின் பார்வை அவரை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.