புன்ராகுவுக்குப் புதியவர்களை அழைக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

போஸ்டரில் வெறுமனே 'பொம்மலாட்டம்' என்று போட்டால் பாதி வேலை அங்கேயே கெட்டுவிடும். நூல் கட்டிய பொம்மை, அரை மணி நேரச் சிரிப்பு என்று நினைத்து ஜனங்கள் கைக்குழந்தையோடு கிளம்பி வருவார்கள். ஜப்பானின் ஒசாகா நகரில் வளர்ந்த பொம்மலாட்டமான புன்ராகு பெரியவர்களுக்கான நாடகம். கடன், மானம், குடும்பக் கடமை, சேர்ந்து சாகத் துணியும் காதலர்கள், இதுதான் அங்கே கதை. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த தவறு, பொம்மையை இயக்குபவர்களுக்காக மன்னிப்புக் கேட்பது. "கொஞ்ச நேரத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்" என்று அறிமுக உரையில் சமாதானம் சொல்வார்கள். ஏன் தெரியக்கூடாது? ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலக்கையும் தலைமைக் கலைஞரிடம், இடக்கை இன்னொருவரிடம், குனிந்தபடியே கால்களை நடத்துபவர் மூன்றாமவர். முக்கியக் காட்சிகளில் தலைமைக் கலைஞர் முகத்தை மூடாமலே வருவார், மற்ற இருவரும் கறுப்பு முக்காட்டில். அவர் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. பொம்மையின் தலையும் தோளும் அசைவதை வைத்தே மற்ற இருவரும் அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். காலுக்குப் பத்து வருஷம், இடக்கைக்குப் பத்து வருஷம் என்று அங்கே ஒரு கணக்கு சொல்வார்கள். இதைப் பார்க்கத்தானே ஆளைக் கூட்டி வருகிறோம்!

'முந்நூறு ஆண்டுகளாக மாறாத கலை' என்பதும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. சிக்காமட்சு மொன்சாயெமோன் எழுதிய 'சொனெசாகி ஷின்ஜூ' 1703இல் மேடையேறியபோது ஒரு பொம்மைக்கு ஒரே ஆள்தான். மூவர் சேர்ந்து இயக்கும் முறை 1734இல்தான் வந்தது. அந்த நாடகமே அன்றைய ஊர்ச் செய்தி. அதே 1703இல் ஒசாகாவில் இறந்த ஒரு காதல் ஜோடியின் கதை. பிறகு நெடுங்காலம் மேடையில் இல்லாமல் கிடந்து, 1955இல் மீண்டும் வந்தது.

நேரத்தைச் சுருக்கலாம், தப்பில்லை. 1984இல் திறந்த ஒசாகா தேசிய புன்ராகு அரங்கே ஜூன் மாதத்தில் விளக்கமும் நாடகமும் சேர்ந்த அறிமுக நிகழ்ச்சி நடத்துகிறது. ஆனால் செலவு மிச்சம் என்று கதையைப் பாடிச் சொல்லும் தாயுவையும், கூடவே வாசிக்கும் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனையும் விட்டுவிட்டு ஒலிப்பதிவு போடாதீர்கள். எல்லாப் பாத்திரங்களின் குரலும், அழுகை உட்பட, மேடையின் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயுவின் தொண்டையிலிருந்துதான் வருகிறது. அவர் இல்லாவிட்டால் மிச்சம் பொம்மை அசைவுதான்.

அப்புறம் திரை எழுத்து. வரிக்கு வரி மொழிபெயர்த்துப் போட்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கதைச் சுருக்கத்தை முன்னாலேயே கையில் கொடுத்துவிட்டு, எழுத்தைக் குறையுங்கள். 'சொனெசாகி ஷின்ஜூ'வில் ஒரு காட்சி. ஓஹாட்சு திண்ணை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். காதலன் தொகுபெய் திண்ணைக்கடியில், அவள் கிமோனோ மறைவில் ஒளிந்திருக்கிறான். அவனுக்குத் துரோகம் செய்தவன் எதிரிலேயே இருந்து அவனைத் தூற்றுகிறான். சாகத் துணிவு உண்டா என்று தனக்குத்தானே பேசுவதுபோல அவள் கேட்கிறாள். அவன் அவள் பாதத்தைப் பிடித்துத் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துக்கொள்கிறான். பொதுவாகப் பெண் பொம்மைகளுக்குக் காலே கிடையாது, கிமோனோ ஓரத்தை அசைத்தே நடப்பதுபோலக் காட்டுவார்கள். இந்தக் காட்சிக்காகத்தான் ஓஹாட்சுவுக்கு ஒரு பாதம். அந்த நேரத்தில் மட்டுமாவது திரையை அணைத்து வையுங்கள்.