ஃபோமில் செதுக்கிய வண்டி பாடி பேனலுக்கு ஃபைபர்கிளாஸ் போடுவது எப்படி?

1. முதலில் ஒரு சோதனை

செதுக்கி மிஞ்சிய ஃபோம் துண்டு ஒன்றில், கலந்து வைத்த ரெசினை (துணியில் ஊறி இறுகும் பிசின்) கொஞ்சம் தடவி, மறுநாள் வரை விட்டுவிடுங்கள். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மோகோல் மாதிரியான பாலிஸ்டைரீன் ஃபோம் அதில் கரைந்துவிடும். நான் முதலில் செய்த மட்கார்டு அப்படித்தான் கண்ணெதிரே குழிந்துபோனது. மூன்று நாள் செதுக்கிய வேலை! தெர்மோகோல் என்றால் எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின்தான். பாலியூரித்தேன் ஃபோம் இரண்டு ரெசினையும் தாங்கும்.

2. வடிவம்

கூர்மையான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து நன்றாக வளைவாக்குங்கள். கண்ணாடி இழைத் துணி கூர்முனையில் மடங்காது. தூக்கிக்கொண்டு அடியில் காற்று தங்கிவிடும். குழிகளை எபாக்ஸியில் மைக்ரோபலூன் பவுடர் (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகள்) கலந்து அடைக்கலாம். இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். ஃபோமைத் தேய்ப்பது சுலபம், இறுகிய ரெசினைத் தேய்ப்பது பெரும்பாடு.

3. துணியும் ரெசினும்

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி பழகுவதற்கு நல்லது. வளைவான இடங்களுக்கு இழை 45 டிகிரி சாய்வாக வருமாறு வெட்டினால் படிந்து உட்காரும். எல்லாத் துண்டையும் வெட்டி வைத்த பிறகுதான் ரெசினைக் கலக்க வேண்டும்.

எபாக்ஸிக்கு டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை மாற்றவே கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) கூட்டினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆழமான கோப்பையில் விட்டால் தானாகவே சூடேறி, புகைந்து, கட்டியாகிவிடும். நைட்ரைல் கையுறை, ஆவி வடிகட்டும் முகமூடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

4. படிய வைப்பது

ஃபோமில் மெல்லியதாக ரெசின் தடவி, துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெள்ளைத் துணி ரெசின் ஊற ஊறக் கண்ணாடிபோல் மாறி, கீழே ஃபோமின் நிறம் தெரியும். வெள்ளையாக நிற்கும் இடத்தில் காற்றோ வறட்சியோ இருக்கிறது. பிரஷ் முனையால் குத்திக் குத்தி அமுக்குங்கள். பளபளவென்று தேங்கி நின்றால் ரெசின் அதிகம், வழித்து எடுத்துவிடுங்கள். வலு தருவது துணிதான்; கூடுதல் ரெசின் வெறும் எடை. வெளிப்பக்கம் இரண்டு அடுக்கு போட்டு, அது இறுகிய பின் உள்பக்கமும் ஒன்று போடுங்கள். இருபுறமும் துணி இருந்தால்தான் பேனல் விறைப்பாக நிற்கும்.

5. முடிப்பு

ரெசின் ரப்பர் மாதிரி இருக்கும்போதே ஓரத்தைக் கத்தியால் வெட்டிவிடுங்கள். முழுசாக இறுகினால் ரம்பம்தான். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே துணி ஒட்டவில்லை. வெட்டித் திறந்து மறுபடி ஒட்டுங்கள்.

எபாக்ஸி மேல் மெழுகுபோல் படிவு இருக்கும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கித் தேயுங்கள். துணியின் இழை தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் புட்டி, 220 நம்பர் தாள், ப்ரைமர். தேய்க்கும்போது தூசி முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், இழைத்தூள் பட்டால் அரிப்பு லேசில் போகாது.