ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தை: எக்ஸ்ரேக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குடியாத்தம், ஆரணி, ஒடுகத்தூர் பக்கம் பிரசவம் பார்க்கும் நர்ஸ்களுக்கும், புதிதாக டியூட்டிக்கு வந்த ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆசனவாய்க் குறைபாடு சுமார் 5,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். அப்படி ஒரு குழந்தை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் எக்ஸ்ரே ஞாபகம்தான் வருகிறது. என்னைக் கேட்டால் எக்ஸ்ரே கடைசி. கண், நல்ல டார்ச், ஒரு துண்டு காஸ் துணி, சுவரில் ஒரு கடிகாரம், இவை போதும், முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

பிறந்ததும் வார்மரில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் தூக்கி, பிட்டத்தை விரித்துப் பாருங்கள். ஓட்டை இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போகக் கூடாது. கருமையாகச் சுருங்கியிருக்கும் தோலின் நடுவில்தான் இருக்கிறதா, முன்னால் தள்ளியிருக்கிறதா, ஊசிமுனை அளவுதானா என்று பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், ஜெல்லி தடவிய மெல்லிய ஃபீடிங் டியூப் போதும். வெளியே எல்லாம் சரியாகத் தெரிந்தும் டியூப் ஓரிரு சென்டிமீட்டரில் முட்டி நின்றால் உள்ளே மலக்குடல் அடைபட்டிருக்கலாம். துணியில் கருப்பு மலம் பட்டிருக்கிறது என்பதும் ஆசனவாய் இருப்பதற்குச் சாட்சி இல்லை, அது வேறு வழியாகவும் வந்திருக்கும்.

ஆண் குழந்தையென்றால் விதைப்பையிலிருந்து பின்னால் போகும் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே பாருங்கள். அந்தக் கோட்டில் சிறு துவாரம், தோலுக்கடியில் கருப்பு நூல் ஓடுவது போன்ற தடம், வாளிக் கைப்பிடி மாதிரி ஒரு தோல் பாலம், இதில் எது தெரிந்தாலும் குடல் கீழேதான் இருக்கிறது, ஃபிஸ்டுலா, அதாவது குடலிலிருந்து தப்பான இடத்துக்குப் போகும் குறுகிய பாதை, தோலில் திறக்கிறது, உயரம் அளக்க எக்ஸ்ரே தேவையே இல்லை. ஒன்றும் தெரியவில்லையா, ஆண்குறி நுனியில் காஸை வைத்து, மூத்திரம் போகும்போதெல்லாம் எடுத்துப் பாருங்கள். பச்சைக் கறை பட்டால் மலக்குடல் மூத்திரப் பாதையோடு சேர்ந்திருக்கிறது, பையன்களில் அதிகம் வருவது இதுதான். பிட்டம் தட்டையாக, நடுப்பள்ளமே இல்லாமல் இருந்தால் குடல் மேலே நிற்கிறது, தசையும் வளரவில்லை என்று சந்தேகப்படலாம்.

பெண் குழந்தையில் துவாரங்களை எண்ண வேண்டும். இதை அவசரமாகச் செய்தால் தப்பாகத்தான் முடியும். இரண்டு பெரிய உதடுகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, உங்கள் பக்கமாகவும் வெளியே விரிகிற மாதிரியும் மெதுவாக இழுங்கள், பக்கத்தில் ஒருவர் டார்ச் அடிக்கட்டும். மேலே மூத்திரத் துவாரம், அதன் கீழே யோனி, அதற்கும் பின்னால் ஹைமனை (கன்னிச்சவ்வை) ஒட்டி வெளியே மூன்றாவதாக ஒரு சின்ன துவாரம் மலம் கசிந்தபடி தெரிந்தால் அது வெஸ்டிபுலர் ஃபிஸ்டுலா. பெண் குழந்தைகளில் இதுதான் அதிகம். ரெஃபரல் சீட்டுகளில் பாதிப் பேர் இதையே யோனிக்குள் திறக்கும் ஃபிஸ்டுலா என்று எழுதி அனுப்புகிறார்கள், நிஜத்தில் அது மிக அபூர்வம். மொத்தமே ஒரு துவாரம்தான் இருக்கிறதென்றால் அது குளோயேக்கா, அதாவது மூத்திரப் பாதை, யோனி, மலக்குடல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழியாகத் திறப்பது. அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், யோனியில் நீர் தேங்கி ஒரு கட்டி போலத் தட்டுப்படலாம், அது மூத்திரப் பாதையையும் அழுத்தும், அதனால் ஸ்கேன் உடனே வேண்டும்.

அப்புறம் கடிகாரம். குடலில் அழுத்தம் ஏறினால்தான் குறுகலான ஃபிஸ்டுலா வழியாக மலம் வெளியே வரும், அதற்கு 20 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரத்தில் எடுத்த படத்தில் காற்று கீழ்வரை வந்திருக்காது, தாழ்வான குடலும் உயரத்தில் இருப்பது போல் தெரியும், அதை நம்பினால் தேவையில்லாத கொலோஸ்டமியில் (பெருங்குடலை வயிற்றில் திறந்து மலத்துக்கு வழி வைப்பதில்) போய் முடியும். ஆனால் காத்திருக்க வேண்டிய இடம் உங்கள் லேபர் வார்டு இல்லை. எங்கள் பக்கம் வேலூர் சி.எம்.சி. மாதிரி குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்துக்கு 108-இல் உடனே அனுப்பிவிடுங்கள், மீதி நேரம் அங்கே ஓடட்டும். வாய்வழியாக ஒன்றும் வேண்டாம், பாட்டி சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ எடுத்து வந்தாலும் கண்டிப்பாக வேண்டாம். மூக்கு வழி டியூப், ட்ரிப்ஸ், கதகதப்பு. சீட்டில் பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு எழுதுங்கள், அங்கே 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். கிரகணத்தில் வெளியே வந்ததால் இப்படி ஆனது என்று யாராவது தாயைக் குத்தினால், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த 24 மணி நேரத்தில் மற்ற உறுப்புகளையும் தேட வேண்டும், ஏனென்றால் இது தனியாக வருவது குறைவு. டியூப் வயிற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்த்தாலே உணவுக்குழாய் அடைப்பு தெரிந்துவிடும். இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், கட்டைவிரலும் முன்கையும் சரியா என்று ஒரு பார்வை. முதுகுத்தண்டு ஸ்கேனை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எலும்பு கெட்டியான பிறகு உள்ளே தெரியாது. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் சாக்ரம் எலும்புக்கும் ஒரு படம்.

இவ்வளவு பார்த்தும் மலம் எங்கிருந்தும் வரவில்லை என்றால்தான் எக்ஸ்ரே. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து எடுக்கும் முறை 1930-இல் வாங்கன்ஸ்டீனும் ரைஸும் சொன்னது, அதில் குழந்தை வாந்தி எடுக்கும், நீலம் பாயும். 1983-இல் நரசிம்மராவ் குழுவினர் குப்புறப் படுக்க வைத்து எடுக்கும் முறையை எழுதினார்கள், இப்போது அதுவே போதும். இடுப்புக்கடியில் துணிச்சுருள் வைத்து பிட்டத்தை உயர்த்தி, சில நிமிஷம் விட்டு, ஆசனவாய் இருக்க வேண்டிய குழியில் ஒரு மார்க்கர் ஒட்டி, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். காற்றுக்கும் தோலுக்கும் இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கீழிருந்தே சரிசெய்யலாம், அதற்கு மேல் என்றால் கொலோஸ்டமி. குழந்தை முக்கி அழும்போது இடைவெளி மாறும், கெட்டி மலம் அடைத்திருந்தாலும் ஏமாற்றும்.

கொலோஸ்டமி வைத்த குழந்தைக்குப் பெரிய ஆபரேஷனுக்கு முன் கீழ்ப்பக்கக் குடலில் மருந்து செலுத்திப் படம் எடுக்காமல் விடவே கூடாது. நுனியில் பலூன் உள்ள ஃபோலி டியூபைக் குடலுக்குள் விட்டு, பலூனை ஊதி, லேசாக இழுத்துக் குடலின் வாயை அடைத்து, தண்ணீரில் கரையும் கான்ட்ராஸ்டைக் (படத்தில் தெரியும் மருந்தைக்) கையால் அழுத்தத்தோடு ஏற்ற வேண்டும். பயந்து மெதுவாக ஏற்றினால் இடுப்புத் தசையின் பிடியில் மருந்து தட்டையாக நின்றுவிடும், ஃபிஸ்டுலா இல்லை என்று ரிப்போர்ட் வரும். சாக்ரம், வால் எலும்பு, மூத்திரப் பாதை மூன்றும் ஒரே பக்கவாட்டுப் படத்தில் விழ வேண்டும், குழந்தை மூத்திரம் போகும்வரை விடக் கூடாது. ஃபிஸ்டுலா எங்கே சேர்கிறது என்று தெரியாமல் பின்பக்கம் திறந்து தேடினால் மூத்திரக் குழாயில் கத்தி படும்.

பிறந்தபோது தவறவிட்டவை சில மாதம் கழித்து மலச்சிக்கல் என்று வரும், முக்கியமாகப் பெண் குழந்தைகள், தாய்ப்பாலிலிருந்து கூழுக்கு மாறும் சமயத்தில். வீட்டில் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எல்லாம் வைத்துப் பார்த்திருப்பார்கள். சிரப் எழுதும் முன் கால்களைத் தூக்கித் துவாரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று பாருங்கள். நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 12-ஆம் எண் ஹெகார் (துவாரத்தின் அளவு பார்க்கும் மழுங்கிய கம்பி) நுழைய வேண்டும், நுழையவில்லை என்றாலோ துவாரம் முன்னால் தள்ளியிருந்தாலோ அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.