தரங்கம்பாடியின் பழைய கட்டடங்களைப் பார்க்கச் செல்வோருக்கு

தரங்கம்பாடிக்கு வருபவர்களில் பலர் பேருந்தைவிட்டு இறங்கியதும் நேராகக் கடற்கரைக்குப் போய், டென்மார்க் நாட்டினர் கட்டிய டேனிஷ் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் காரைக்காலுக்கோ வேளாங்கண்ணிக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். கோட்டையும் நகர வாயிலும் தேவாலயங்களும் திண்ணை வைத்த வீடுகளும் சேர்ந்த ஒரு சிறு நகரமே இங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதால், அரை நாளாவது ஒதுக்கி நடந்து பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து ஊர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்; பொறையார் வழியாகப் பேருந்தில் வரலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் தை, மாசி மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். வேடிக்கை பார்ப்பதற்காக அந்த நேரத்தில் உள்ளே நுழைவது முறையாகாது.

நடையை நகர வாயிலிலிருந்து தொடங்குங்கள். 1792இல் கட்டப்பட்ட அந்த வெண்ணிற வாயிலைக் கடந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிச் செல்கிறது. அன்று நிலவழியாக வந்தவர் எந்த வரிசையில் ஊரைக் கண்டாரோ, அதே வரிசையில் நீங்களும் காண்பீர்கள். வழியிலேயே 1701இல் எழுந்த சீயோன் தேவாலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. இரண்டாவதன் முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முடி பொறித்த எழுத்துச் சின்னத்தைப் பார்க்கலாம். 1706இல் இக்கரையில் இறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய கிறித்தவ சமயப் போதகர் சீகன்பால்க் 1719இல் இறந்ததும் அந்தத் தேவாலயத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, சில நிமிடங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

வீதியின் வீடுகளை அவசரமின்றிப் பாருங்கள். எந்தக் கட்டடம் முறையாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சுவரே சொல்லிவிடும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் விளிம்புகள் மழுங்கி, வெளிச்சம் மென்மையாகப் படியும். பிற்காலத்தில் சிமென்ட் கொண்டு ஒட்டுப்போட்ட இடமோ சாம்பல் நிறமாக, இறுகித் தெரியும். அதன் ஓரத்தைக் குனிந்து பார்த்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பூச்சு பொருமி நிற்கும், அடியில் செங்கல் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். கடற்கரைச் சுவர் உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்க, உப்பு செங்கல்லை அரிக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்திருந்தாலே எத்தனையோ வீடுகள் பிழைத்திருக்கும். இன்டாக் போன்ற மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்புகள் இவ்வூரில் வீடுகளைச் சீரமைத்தபோது சுண்ணாம்பையே கையாண்டதன் காரணமும் இதுதான். உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் அண்ணாந்து மேல்தளத்தைப் பாருங்கள்: மர உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டுக் கட்டுவதே மெட்ராஸ் டெரஸ் என்னும் முறை.

பல வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. திண்ணை தெருவைப் பார்த்து இருந்தாலும் அது வீட்டுக்காரருடையதுதான். உட்காருவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் கோலம் இருந்தால் ஒதுங்கி நடங்கள். பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது, சுவரில் பெயர் கிறுக்குவது ஆகிய இரண்டையும் பிள்ளைகள் செய்யாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.

வீதி முடிந்து வெளி திறக்கும் இடத்தில் கோட்டை நிற்கிறது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் கட்டியது இது. கீழ்த்தளத்தின் வளைவுக்கூரை அறைகள் கிடங்காகவும் சிறையாகவும் பயன்பட்டன. மேல்தளத்தில் ஆளுநர் வசித்தார். முதலில் கீழ் அறைகளைப் பாருங்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் சுவரின் கனமும் குளிர்ச்சியும் புரிந்துவிடும். அதன்பின் மேலேறினால் அருங்காட்சியகத்தில் டேனிஷ் ஆவணங்களும் பீங்கான் பாத்திரங்களும் சீனத் தேயிலைச் சாடிகளும் இருக்கின்றன. 1845இல் ஆங்கிலேயருக்கு இந்த ஊரை விற்றுவிட்டு டேனியர் வெளியேறினர். எதிரே தெரியும் ஆளுநர் மாளிகை பிற்காலத்தது. தூண்கள் தாங்கிய அதன் முகப்பைக் கோட்டை மதில்மேலிருந்து பார்ப்பதே நல்லது.

கடைசியாகக் கடலோரமாக வடக்கே நடந்து மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்கோயில் டேனியர் வருகைக்கு 300 ஆண்டுகள் முந்தையது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அலைகளுக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் வழுக்கும் என்பதால் அவற்றின்மீது ஏறாமல், கோயில் பக்கமே நின்று பாருங்கள்.