முதல் கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்யும்போது காசைக் கோட்டை விடும் இடங்கள்

2024 ஜூலை பள்ளி விடுமுறை. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், பக்கத்து வீட்டுப் பையனும் நானும் அவனுடைய முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொண்டிருந்தோம். எல்லாவற்றையும் மாட்டி முடித்து சுவர் சுவிட்சைப் போட்டேன். டப்! பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் புகை, கூடவே மீன் முள் கருகின மாதிரி நாற்றம். சமையல்கட்டிலிருந்து அவனுடைய ஆயா எட்டிப் பார்த்து, "என்னப்பா, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றார்.

வெடித்தது பவர் சப்ளை, சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. கேஸ் (வெளிப்பெட்டி) வாங்கினால் இலவசம் என்று கூடவே வந்தது. அதன் பின்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் தள்ளினால் 230, மறுபக்கம் 115. அமெரிக்கா மாதிரி ஊர்களுக்கு 115, தென்னாப்பிரிக்காவுக்கு 230. வந்ததே 115-இல் இருந்தபடி வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த நிலையில் உள்ளே இருக்கும் சுற்று வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 115 வந்தால் அது சரி. 230 வந்தால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் தாங்கவேண்டியதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஃபியூஸ் போனதோடு நின்றது, மதர்போர்டு பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். தப்பு முழுக்க என்னுடையது. பையனுடைய அப்பாவிடம் அதைச் சொல்லத்தான் அரை மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு முதல் கம்ப்யூட்டர் என்று யார் ஆலோசனை கேட்டு வந்தாலும், கணக்கை சுவரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். முதலில் சுவர் பிளக், அப்புறம் பவர் சப்ளை, அப்புறம்தான் மற்றவை. ஆனால் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. விளக்கு எரியும் ஃபேன், கண்ணாடிக் கதவு, திரைக்குப் படம் போடும் கிராபிக்ஸ் கார்டு என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சுகிற 400 ராண்டில் பவர் சப்ளையைத் தேடுவது. பையனுடைய முதல் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. மொத்தம் 12,000 ராண்ட், அதில் கேஸ் மட்டும் 2,300.

பவர் சப்ளையில் ஏமாறுவது சுலபம். முகப்பில் கொட்டை எழுத்தில் 500 வாட் என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அட்டவணையில் 12 வோல்ட் என்ற வரியைப் பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த வரியிலிருந்துதான். எங்களுடையதில் 22 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 22-ஆல் பெருக்கினால் 264 வாட். மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத வரிகளில் போட்டுக் காட்டிய கணக்கு. நல்ல 550 வாட் பவர் சப்ளையில் அந்த 12 வோல்ட் வரி மட்டுமே 500-க்கு மேல் தரும். 80 பிளஸ் பிரோன்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்ற முத்திரை சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே போட்டிருக்கும் பொருளின் தரத்துக்கு அது சான்று ஆகாது. நான் பார்ப்பது வாரண்டி எத்தனை வருஷம் என்று. ஐந்து வருஷம் தருகிறவன் கொஞ்சமாவது யோசித்துத்தான் தருவான். சிவப்பு சுவிட்சே இல்லாமல் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும் ரகமாக இருந்தால் எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயந்துபோய் 850 வாட் வாங்குவார்கள். 65 வாட் பிராசஸர், 132 வாட் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, மற்றதெல்லாம் சேர்ந்து இன்னொரு 50, 60. எப்படிக் கூட்டினாலும் 300-ஐத் தாண்டாது. நல்ல 550 தாராளம்.

மின்சாரம் என்று வந்துவிட்டதால், முறைவைத்து மின்சாரத்தை வெட்டும் லோட் ஷெட்டிங்கையும் பேசிவிடலாம். 2024 மார்ச் கடைசியில் அரசு மின்நிறுவனமான எஸ்காம் அதை நிறுத்திய பிறகு பல மாதம் விளக்கு அணையவில்லை. உடனே, யுபிஎஸ் எதற்கு, அந்தக் காசில் கார்டைப் பெரிதாக்கலாம் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரி 31 அன்று லோட் ஷெட்டிங் திரும்ப வந்தது. அது வராவிட்டாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் எங்கள் பக்கம் நிற்பதில்லை. கம்ப்யூட்டருக்கு ஆபத்தான நேரம் மின்சாரம் திரும்பி வரும் அந்த நிமிஷம். தெருவில் உள்ள அத்தனை கீசரும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் இழுக்க, மின்னழுத்தம் துள்ளும். யுபிஎஸ் வாங்க முடியாவிட்டால் சர்ஜ் புரொடெக்ஷன் (திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் வசதி) உள்ள மல்டிபிளக்காவது வாங்குங்கள். விளக்கு அணைந்ததும் போய்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைக்கால மாலை இடியும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிளக்கைப் பிடுங்குவதைவிட நல்ல மருந்து கிடையாது.

யுபிஎஸ் வாங்கினால் 650 விஏ என்று எழுதியிருப்பதை 650 வாட் என்று படிக்காதீர்கள். அந்த அளவுள்ள பெட்டிகள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதுவும் சில நிமிஷம், வேலையைச் சேமித்துவிட்டு அணைக்க மட்டும். மலிவான யுபிஎஸ் தரும் கரடுமுரடான மின் அலை சில நல்ல பவர் சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல், யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடுவதும் உண்டு. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: டப்பாவில் வரும் மின்கயிற்றின் முனை நம் சுவரின் பெரிய மூன்று உருண்டைக் காலுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கெட்டில் கயிறு என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அடாப்டர் மேல் அடாப்டர் சொருகி மூன்று மாடி கட்டாதீர்கள்.

இனி கிராபிக்ஸ் கார்டு. இங்கே ஏமாற்றம் பெயரிலேயே இருக்கிறது. ஜிடி 1030 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள். ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி வேகம். 2018-இல் வந்த மற்றதில் டிடிஆர்4, வேகம் 17 ஜிபியைக்கூட எட்டாது. டப்பாவின் முகப்பில் வித்தியாசம் கண்ணில் படாது. ஆர்டிஎக்ஸ் 3050-உம் அப்படித்தான். 8 ஜிபி கார்டைவிட 6 ஜிபி கார்டில் குறைந்திருப்பது மெமரி மட்டும் என்று நினைப்போம். உள்ளே கணக்குப் போடும் கோர்களும் 2,560-லிருந்து 2,304 ஆகக் குறைந்திருக்கும், மெமரிக்குப் போகும் பாதையும் குறுகியிருக்கும். ஆனாலும் அந்த 6 ஜிபி கார்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 70 வாட்தான் கேட்கும், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தனி மின்கயிறு இல்லாத பழைய ஆபீஸ் பெட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேறு வகை. 2022-இல் வந்த இந்தக் கார்டு மதர்போர்டோடு நாலே நாலு பாதையில்தான் பேசும். அந்தப் பாதையின் நாலாம் தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 உள்ள போர்டில் சமாளிக்கும். பழைய 3-ஆம் தலைமுறை போர்டில் போட்டால் பேச்சு பாதியாகிவிடும். மலிவுக் கார்டை வாங்குகிறவனிடம்தான் பழைய போர்டு இருக்கும் என்பது செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

பிராசஸரில் கவனிக்க வேண்டியது கடைசி எழுத்து. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-க்கும் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. "கார்டை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள் 5600-ஐ வாங்கிவிட்டு வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார்டு நிச்சயம் வாங்கப் போகிறீர்கள் என்றால் 5600ஜி வேண்டாம். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் மெமரி அதில் 16 எம்பி, மற்றதற்கு 32. பிசிஐ எக்ஸ்பிரஸும் ஒரு தலைமுறை பின்தங்கியது.

மதர்போர்டுக்கு மூன்று கேள்விகள் போதும். பிராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்துமா? ராம் மெமரி எந்தத் தலைமுறை, டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 ரகமும் உண்டு, டிடிஆர்5 ரகமும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது, பள்ளமே இடம் மாறியிருக்கும். மூன்றாவது, போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதியதா? கடையில் பல வருஷமாகத் தூங்கிய பி450 போர்டு 5000 வரிசை ரைசனை அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள், அல்லது கடைக்காரரையே ஏற்றித் தரச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்த நாலாவது கேள்வி வைஃபை. மலிவு போர்டுகளில் அது இருக்காது. பையனுடைய அறை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கில், ரவுட்டர் முன் ஹாலில். கடைசியில் 30 மீட்டர் லேன் கேபிளைக் கூரையோரமாக இழுத்தோம். இப்போது யோசித்தால் அதுவே நல்லதாகப் போனது.

ராம் 16 ஜிபி வேண்டும் என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையிலும் போக்குவரத்து நடக்கும். நாலு இடம் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்டவேண்டும். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.2 வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு, போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்கினால் போதும்.

கேஸுக்கு முன்பக்கம் வலை இருக்கவேண்டும். முழுக்கக் கண்ணாடி போட்ட முகப்பு படத்துக்கு அழகு, பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்துக்கு அடுப்பு. கடலோரம் பிளஃப் மாதிரி இடத்தில் இருந்தால் ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் சரிபார்க்கவும்.

காசு கம்மி என்றால் பழையது வாங்கலாமா? தாராளமாக. ஆனால் ஆபீஸில் கழித்துக் கட்டிய பெட்டி இவ்வளவு மலிவாக ஏன் வருகிறது என்று கேளுங்கள். இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் போக, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். பெயரும் நம்ம ஊர்ப் பெயர், ஆரம்பித்தவரும் தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த். பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால், 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கும் மைனிங் முடிந்த பிறகு இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. நேரில் போய், அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம் காசைக் கொடுங்கள்.

கடையில் வாங்குவதற்கும் தனி ஆளிடம் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே பெரிது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. மார்க்கெட்பிளேஸில் யாரோ ஒருவர் தன் வீட்டுப் பழையதை விற்றால் இந்தச் சட்டம் உதவாது. ஆன்லைன் கடையில் வாங்கியதைக் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே பொதுவாகத் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கூரியர் கட்டணமும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் கூலியும் இருக்கிறது.

விலையை மட்டும் நான் சொன்னதை வைத்து முடிவு செய்யவேண்டாம். 2025 கடைசியில் மெமரி விலை உலகம் முழுக்க எகிறியது, டாலரும் ஏறி இறங்கும். அன்றைக்கு எங்கள் 12,000-இல் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போனது. பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, 1,100 ராண்ட், இரண்டாவது பவர் சப்ளைக்கு. அதில் சிவப்பு சுவிட்ச் இல்லை. வெடித்ததன் கேபிள்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, எடுத்து வைத்துக்கொள்வோமா என்று பையன் கேட்டான். கழற்றி மாட்டும் கேபிள்களில் ஒரு பவர் சப்ளையுடையதை இன்னொன்றில் சொருகினால், வாய் பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம், மாறியிருந்தால் எஸ்எஸ்டி அந்த நொடியே போய்விடலாம். எடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன்.

சனிக்கிழமை மறுபடி சுவிட்சைப் போட்டோம். ஆயா இரண்டடி தள்ளியே நின்றார். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பையன் முகம் வாடிவிட்டது. குனிந்து பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிளை மேலே மதர்போர்டில் சொருகியிருக்கிறான். கிராபிக்ஸ் இல்லாத 5600-க்கு அந்த ஓட்டை வெறும் அலங்காரம். கீழே கார்டில் மாற்றிச் சொருகியதும் லோகோ வந்தது. ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். பயாஸுக்குள் போனோம். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி வரியை ஆன் செய்து சேமித்துவிட்டுத்தான் விண்டோஸ் பென் டிரைவைக் கையில் எடுத்தோம்.