பூனைக்குச் சர்க்கரை: வீட்டில் ஊசி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூனைக்கும் சர்க்கரை வரும். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, சோபாவை விட்டு இறங்காத, ஏழெட்டு வயது தாண்டிய குண்டுக் கடுவன்களுக்குத்தான் அதிகம். தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு வாங்கிய பூனைகளுக்கும் வரலாம். தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கும், மண் டப்பாவில் மூத்திரக் கட்டிகள் இரட்டிப்பாகும், நன்றாகச் சாப்பிட்டும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டும். சில பூனைகள் பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி தட்டையாக நடக்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அது சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

மருத்துவமனை மேஜையில் நடுங்கிக்கொண்டிருக்கும் பூனைக்கு நோயே இல்லாமல்கூட 300 காட்டும், பயத்தில் ஏறுகிற சர்க்கரை அது. அதனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வராமல், மூத்திரப் பரிசோதனையும் ஃப்ரக்டோசமின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய ஓரிரு வாரங்களின் நிலவரத்தை ஃப்ரக்டோசமின் காட்டிவிடும்.

எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்பது மருத்துவரின் வேலை. நம் ஊரில் பெரும்பாலும் மனிதர்களுக்கான கிளார்ஜின்தான் எழுதித் தருகிறார்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆரம்பத்தில் பொதுவாக ஒரு யூனிட், சிறிய பூனைக்கு அதற்கும் குறைவு. தாத்தா 20 யூனிட் போட்டுக்கொள்கிறாரே, இந்த ஒன்று எந்த மூலைக்கு என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நாலு கிலோ உடம்புக்கு ஒரு யூனிட் சின்ன விஷயமே இல்லை.

இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: சர்க்கரை ஒருநாள் ஏறியே கிடந்தால் பூனை சமாளித்துக்கொள்ளும், சில மணி நேரம் மிகவும் இறங்கினால் உயிரே போகலாம். சந்தேகம் வந்தால் ஊசி வேண்டாம்.

சிரிஞ்சு

இதில்தான் நம் ஊரில் பெரிய ஆபத்து இருக்கிறது. இங்கே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு விதமான இன்சுலின் புழங்குகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் 100 வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். மாறாக 40 வகை மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் பாதிகூடப் போகாது, பூனைக்கு ஏன் குணமாகவில்லை என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஆகவே கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வராமல், புட்டியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். 0.3 மில்லி கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ள சிரிஞ்சு கிடைத்தால் கூடுதலாகவே வாங்கி வையுங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது.

கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அளவு குறைவாக இருக்கிறதே என்று எதையும் கலந்து நீர்க்க வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைத்தால் போதும். ஃப்ரீசரில் ஒருமுறை உறைந்துவிட்டால் அந்தப் புட்டி அவ்வளவுதான், பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படாது. திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள், எத்தனை நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் கரண்ட் போய் ரொம்ப நேரம் வராவிட்டால் பனிக்கட்டி போட்ட ஃப்ளாஸ்கில், மருந்து பனிக்கட்டியைத் தொடாதபடி துணியில் சுற்றி வைக்கலாம்.

அளப்பது

வீட்டில் அளக்காமல் ஊசி போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற வேலை. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரே போதும், ஆனால் பூனை இரத்தத்தில் அது உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். பூனை, நாய்க்கென்றே உள்ள ஆல்ஃபாட்ராக் கிடைத்தால் நல்லது, ஸ்ட்ரிப் விலைதான் கையைக் கடிக்கும். எதுவானாலும் ஒரே மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள், எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இரத்தம் எடுப்பது காது ஓரத்தில். காதுக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு இரத்தக்குழாய் ஓடுவது தெரியும். அதில் குத்தக் கூடாது, அதற்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் குத்த வேண்டும். முதலில் காதைச் சூடாக்குங்கள். பழைய சாக்ஸில் ஒரு பிடி அரிசி போட்டு முடிந்து, வெதுவெதுப்பாகச் சூடுபண்ணி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒரு நிமிடம் ஒற்றினால் போதும். முடி மேல் துளி வாசலின் தடவினால் இரத்தம் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த டிஷ்யூவை வையுங்கள், இல்லாவிட்டால் லான்செட் என்ற அந்தக் குத்தூசி உங்கள் விரலில் இறங்கும். மீட்டருக்குக் கடுகளவு இரத்தம் போதும். எடுத்ததும் பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, வேகவைத்த கோழியில் ஒரு துண்டு கொடுங்கள். முதல் வாரம் இரத்தமே வராமல் உங்கள் பொறுமையைச் சோதிக்கும், அப்புறம் காது பழகிவிடும். கோழி கிடைக்கிறது என்று தெரிந்தபின் மீட்டர் டப்பா சத்தம் கேட்டதும் ஓடிவருகிற பூனைகளும் உண்டு.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் அளந்தே ஆக வேண்டும். ஆரம்ப வாரங்களில் 200-க்குக் கீழே இருந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவருக்கு போன் போடுங்கள். சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது என்றாலும் அப்படித்தான், கேட்காமல் முழு அளவு போட வேண்டாம்.

குத்துவது

இது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இன்சுலின் ஊசி முடி போல மெல்லியது, பல பூனைகள் சாப்பிட்டுக்கொண்டே வாங்கிக்கொள்ளும். விலாப்பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அடிப்பகுதியில் ஊசியை நுழைத்து அழுத்துங்கள். ஒருநாள் இடது, ஒருநாள் வலது என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

சிலசமயம் ஊசி மறுபக்கமாக வெளியே வந்து மருந்து முழுக்க முடியில் போய்விடும். தொட்டால் ஈரம், முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை. எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் அம்மா போட்டாரா நான் போட்டேனா என்று குழம்பினாலும் அதே பதில்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, போட்டவர் அங்கேயே நேரம், மீட்டர் எண், யூனிட் மூன்றையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

சாப்பாடு

தயிர்சாதம், பால்சாதம், மீன்குழம்பு பிசைந்த சாதம் என்று வளர்ந்த பூனையா? அரிசியும் பாலும்தான் முதலில் போக வேண்டும். கடையில் விற்கும் உலர் உணவிலும் மாவுச்சத்து கணிசமாக இருக்கிறது. மாவுச்சத்து குறைவான ஈர உணவு, அதாவது பூனைகளுக்கான டின் அல்லது பவுச், முடிந்தவரை குழம்பு வகை இல்லாமல் கூழ் வகை, நல்லது. வெறும் கோழியும் மீனும் மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் முதலான சத்துகள் போதாது, எனவே அது டிரீட்டாக மட்டும் இருக்கட்டும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கவே கூடாது.

ஆனால் ஒன்று. சாதத்தை நிறுத்தியதும் சர்க்கரை மடமடவென்று இறங்கும், நேற்று சரியாக இருந்த இன்சுலின் அளவு இன்று அதிகமாகிவிடும். உணவை மாற்றப்போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

இறங்கிவிட்டால்

தள்ளாட்டம், திடீர் அகோரப் பசி, வெறித்த பார்வை, கூப்பிட்டால் திரும்பாமை, முற்றினால் வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே காட்டினால், அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே சாப்பாடு வையுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். தள்ளாடினால் தேனோ, குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்ததோ, ஒரு தேக்கரண்டி அளவு ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உதட்டைத் தூக்கி ஈறில் தடவினாலே போதும், விரல் பல்லுக்கு நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடி இறங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாள் முழுக்கச் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடித்தால் அது கீட்டோன், இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேருகிற அமிலப் பொருள். அன்றே மருத்துவமனை, காத்திருக்க வேண்டாம்.

அளவைக் கூட்டுவது குறைப்பது

ஒருநாள் 380 காட்டியதும் கை பரபரக்கும். விடுங்கள். ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்து அளவை ஏற்றக் கூடாது. நடுவில் எவ்வளவு கீழே போகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஊசிவரை அளந்து எழுதுங்கள். 80-க்கும் 150-க்கும் நடுவில் அடித்தட்டு வந்தால் அருமை. அந்தத் தாளை மருத்துவருக்கு அனுப்புங்கள். அவர் மாற்றினாலும் பெரும்பாலும் அரை யூனிட்தான் மாற்றுவார், அப்புறம் குறைந்தது ஒரு வாரம் பொறுப்பார். காதைக் குத்த விடாத பூனைக்கு தோலில் ஒட்டியபடியே சர்க்கரையை அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் ஒட்டலாம், மனிதருக்கு 14 நாள் வருவது பூனையிடம் சீக்கிரமே கழன்றுவிடும்.

மாத்திரை இல்லையா என்று கேட்பார்கள். பெக்ஸாகேட் என்ற மாத்திரை 2022-லும், வாய்வழி கொடுக்கும் திரவ மருந்தான சென்வெல்கோ 2023-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு அவை கிடையாது, கீட்டோன் அபாயம் இருக்கிறது.

சீக்கிரமே கண்டுபிடித்து, சாப்பாட்டை மாற்றி, ஒழுங்காக ஊசி போட்டால் சில பூனைகளுக்கு முதல் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போய்விடும். எண்கள் தொடர்ந்து 100-ஐ ஒட்டி நிற்கத் தொடங்கும்போது அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நின்றபிறகும் மீட்டரைப் பரணில் போட்டுவிடாமல் வாரத்துக்கு ஒருமுறை காதைக் குத்திப் பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.